பழைய வீட்டுக்கு ஒரு மழைக்காலம் கொடுங்கள்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், முப்பது ஆண்டுகளாகப் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துவரும் தச்சர்.

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு பழைய வீட்டை வாங்கிவிட்டோம். குடியேறுவதற்குள் எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்கிறார் அவர். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கூரையிலிருந்து. உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். மழைநீர் வடிகிற குழாய்களில் அடைத்திருக்கும் சருகை அள்ளுங்கள். மின்கம்பிகளை விவரம் தெரிந்தவரை வைத்துச் சோதியுங்கள். அப்புறம் நிறுத்திக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வீட்டைச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள்.

உங்கள் கணவருக்கு இது பிடிக்காது என்று தெரியும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் வீடு தன் நோயைச் சொல்வது மழையில்தான். கொட்டுகிற மழையில் குடையோடு வெளியே போய் வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் சுவரில் வழிகிறது, எந்த ஜன்னல் ஓரமாக உள்ளே திரும்புகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வெயிலில் பத்து நாள் தேடினாலும் கிடைக்காத விஷயம் அந்தக் கால்மணி நேரத்தில் கிடைத்துவிடும்.

விரிசல்களுக்கு ஒரு பென்சில் போதும். விரிசல் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அது கோட்டைத் தாண்டியிருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். உள்ளே பழைய தூசியும் பழைய பெயிண்டும் படிந்திருக்கும் விரிசல் பெரும்பாலும் என்றைக்கோ நகர்ந்து, அடங்கிப்போனது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

மழையில் இறுகுகிற கதவை மழையிலேயே இழைக்காதீர்கள். மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. அகலவாட்டில்தான் ஊறிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், அவசரப்படுத்தினார்கள் என்பதற்காக ஊறிய கதவு ஒன்றை இழைத்துத் தள்ளினேன். கோடையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. அந்த வீட்டம்மா இன்றும் என்னைப் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் சுண்டுவிரலைத்தான் காட்டுவார்.

இன்னொன்று. கழற்றுகிற எதையும் எறியாதீர்கள். கீல், தாழ்ப்பாள், திருகாணி எல்லாவற்றையும் தனித்தனி உறையில் போட்டு, எந்தக் கதவு, மேல் கீலா கீழ்க் கீலா என்று எழுதிவையுங்கள். கைவேலையில் செய்த கீல்கள் இரண்டு ஒன்றுபோல இருக்காது. இடம் மாறினால் உட்காராது.

கேள்வி: கீழ் அறையில் சுவர் தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை ஈரமாக இருக்கிறது. பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது. "கொத்திவிட்டு நல்ல சிமெண்ட் பூச்சாகப் பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் அடித்துவிடலாம்" என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இப்படி ஒரு சுவரை நானே கெடுத்திருக்கிறேன்.

பூச்சில்லாத செங்கல் சுவர் அது. செங்கல்களுக்கு நடுவே இருந்த சாந்தை விரலால் சுரண்டினால் மாவாக வந்தது. "உளுத்துப்போச்சு" என்று நானும் கூட இருந்த கொத்தனாரும் முடிவுகட்டி, இடைவெளிகளைத் தோண்டி எடுத்துவிட்டு, சிமெண்டைத் தாராளமாகப் போட்டு அடைத்தோம். கோடுகள் நூல் பிடித்ததுபோல இருந்தன. எல்லோரும் பாராட்டினார்கள். எட்டு வருடம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். செங்கல்களெல்லாம் முகம் உதிர்ந்து குழிவிழுந்திருந்தன. எங்கள் சிமெண்ட் மட்டும் வலை மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு, துளிகூடச் சேதமில்லாமல் நின்றது.

நடந்தது இதுதான். பழைய சுவர் ஈரத்தைத் தடுப்பதில்லை. ஈரத்தை வாங்கும், பிறகு வெளியே விடும். வெளியே விடுவதற்கான வழி அந்தச் சுண்ணாம்புச் சாந்துதான். அது செங்கல்லைவிட இளகியது, அதிகத் துளையுள்ளது. சுவருக்குள் போன தண்ணீர் அதன் வழியாகவே ஆவியாகும். தண்ணீரோடு கரைந்து வந்த உப்பும் அங்கேயே படிகமாகி, சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மாவாக வந்ததே, அது சாந்து செய்யவேண்டிய வேலையைச் செய்ததன் அடையாளம். அந்த வழியைச் சிமெண்டால் அடைத்ததும் ஈரம் செங்கல் முகம் வழியாகப் போகத் தொடங்கியது. உப்பு அங்கே படிகமாகி முகத்தைப் பிளந்தது. சாந்து போனால் திரும்ப அடைக்கலாம். செங்கல் போனால்?

உங்கள் சுவரிலும் சிமெண்ட் பூசினால் ஈரம் நிற்காது. பூச்சுக்குப் பின்னால் மேலே ஏறும். இன்று இடுப்பளவு இருப்பது சில வருடத்தில் மார்பளவு ஆகும், அல்லது பக்கத்து அறையில் எட்டிப் பார்க்கும்.

சுண்ணாம்பு என்றாலே பலமில்லாதது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இன்றைய சிமெண்டின் முன்னோடியான போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். அதற்கு ஏறக்குறைய எழுபது வருடம் முன்பு ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் எடிஸ்டோன் என்ற கடல்பாறைமேல் கலங்கரை விளக்கம் கட்ட வேண்டியிருந்தது. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கிடைக்கிற சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளும் இறுகும் என்று சோதித்துக் கண்டுபிடித்து, 1759-ல் வேலையை முடித்தார். நூறு வருடத்துக்கு மேல் அலை அடித்தது. கடைசியில் அரித்துப்போனது அவர் கட்டிய கோபுரம் அல்ல, அது நின்ற பாறைதான். மேல்பகுதியைக் கழற்றிக் கரையில் கொண்டுபோய் வைத்தார்கள், இன்னும் நிற்கிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் சுவரை விட்டுவிட்டு வெளியே போங்கள். வெளி மண் காலப்போக்கில் உயர்ந்து, உள் தரை மட்டத்தைத் தாண்டியிருக்கும். பத்தில் ஆறு வீட்டில் நான் பார்ப்பது இதுதான். சுவர் ஓரமாக மண்ணை வெட்டி, உள் தரையைவிட ஒரு சாணாவது தாழ்வாக, வீட்டைவிட்டு வெளியே சரிவாக இருக்கும்படி செய்யுங்கள். கூரைத் தண்ணீர் சுவர் அடியில் விழுந்து தெறிக்கிறதா, பின்னால் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். ஊற்றை அடைக்காமல் சுவரைப் பூசுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை.

பிறகு பொரிந்த பூச்சையும், முன்பு யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதையும் ஈரக்கோட்டுக்கு ஒரு முழம் மேல்வரை எடுத்துவிடுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். அப்புறம் காத்திருக்க வேண்டும். சுவர்க் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் முக்கால் வருடம். ஆமாம், முக்கால் வருடம்தான்.

காய்ந்த பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கூர்மையான ஆற்றுமணல். மணல் பருக்கைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதை நிரப்பத்தான் அந்த ஒரு பங்கு. ஒரு தடவைக்கு ஒரு விரற்கனத்துக்கு மேல் பூசாதீர்கள். இந்தச் சாதாரணச் சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது, அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு, வெயில் நேராகப் படாமல் சில நாள் காப்பாற்றுங்கள். கடைசியாகச் சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் இத்தனை மாதம் காத்திருந்ததும் வீண்.

சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதாக இருந்தால் தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்புமேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

கேள்வி: சுண்ணாம்புச் சாந்தில் பாதுகாப்புக்குக் கொஞ்சம் சிமெண்ட் கலந்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. இரண்டும் இறுகுகிற விதமும் வேகமும் வேறு. கொஞ்சம் கலந்தால் இரண்டுமே உருப்படியாக வேலை செய்யாது.

கேள்வி: இடிக்கிற கட்டடங்களிலிருந்து மரம் வாங்கி எங்கள் வீட்டு உத்திரங்களுக்கும் மாடிப்படிக்கும் பயன்படுத்த ஆசை. அடுத்தவர் கழித்துப்போட்டதை வைப்பது கௌரவக் குறைச்சல் என்கிறார் அண்ணன். எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: அண்ணனிடம் ரோமாபுரி மன்னர் கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவைப் பற்றிச் சொல்லுங்கள். கி.பி. 315-ல் முடித்த அந்த வளைவில், அவருக்கு முந்தைய மன்னர்களான டிராஜன், ஹாட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் காலத்துச் சிற்பங்களை வேறு கட்டடங்களிலிருந்து கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள். பேரரசனுக்கே குறைச்சல் இல்லை.

மரம் வாங்கப் போகும்போது நான் ஐந்து பொருள் எடுத்துப் போவேன்: கூரான ஒரு கம்பி, சின்ன இழைப்புளி, சுத்தியல், உலோகம் கண்டுபிடிக்கும் கருவி, ஈரம் பார்க்கும் கருவி. மரக்கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முதலில் கம்பி. உத்திரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் புதைந்திருந்த இரண்டு முனைகளில் குத்திப் பாருங்கள். காற்றுப்படாமல் ஈரத்தில் கிடந்தது அந்த முழ நீளம்தான். கம்பி சுலபமாக உள்ளே போனால் அந்தப் பகுதியை அறுத்து எறிந்தபின் மிஞ்சும் நீளம் போதுமா என்று கணக்குப் போடுங்கள். அடுத்து சுத்தியல். ஒரு முனையில் காதை வைத்துக்கொண்டு மறுமுனையை லேசாகத் தட்டச் சொல்லுங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும், உள்ளே உளுத்தது பொத்தென்று முடியும். இழைப்புளியால் ஒரு மூலையில் இரண்டு சுருள் எடுத்தால் கறுத்த தோலுக்கடியில் இருக்கும் நிறமும் ரேகையும் தெரியும்; என்ன மரம் என்றும் தெரியும். தேக்கு என்று விற்றதில் எத்தனை தேக்கு இருந்தது என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இங்கே சொல்லமாட்டேன்.

பூச்சித் துளைகள் இருந்தாலே ஒதுக்க வேண்டியதில்லை. துளை விளிம்பு மங்கி, உள்ளே தூசி அடைத்திருந்தால் பூச்சி போய்ப் பல வருடம் ஆகியிருக்கலாம். விளிம்பு கூராக, புது மரத்தின் நிறத்தில், கீழே மாவு கொட்டிக்கிடந்தால் உள்ளே இன்னும் குடித்தனம் நடக்கிறது. சந்தேகமாக இருந்தால் மரத்தடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். சூடேற்றும் அறை இருக்கிற மரப்பட்டறையில் கொடுத்தும் வாங்கலாம். நாடுவிட்டு நாடு போகும் சரக்குகளின் மரப்பெட்டிகளுக்கு உலக அளவில் வைத்திருக்கிற விதி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸைத் தொட்டு 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது. அதற்குப் பிறகு உள்ளே பிழைப்பது கஷ்டம். துளைகள் பெரும்பாலும் ஓரத்து வெள்ளைப் பகுதியில்தான் இருக்கும். வைரம் பாய்ந்த நடுப்பகுதி கெட்டியாக இருந்தால் ஓரத்தைச் செதுக்கிவிட்டு வாங்கலாம்.

ஆணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரிகிற ஆணி தொந்தரவில்லை. தலை ஒடிந்து உள்ளே தங்கியதுதான் ரம்பப் பல்லைப் பறக்கவைக்கும். அறுக்கிறவர் முகத்துக்கே வரும். அதற்குத்தான் அந்த உலோகக் கருவி. பிடுங்கிய ஆணிகளைப் பாருங்கள், மரத்தின் வயது தெரியும். தண்டு நாலு பக்கமும் சம்மட்டி அடி வாங்கி ஒழுங்கில்லாமல் இருந்தால் கொல்லர் கையால் அடித்தது. உருண்டைக் கம்பி ஆணி என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக்கு முன் அது பரவலாகக் கிடையாது. அதைவிடப் பழைய மரம் என்று கடைக்காரர் சொன்னால் ஆணியைக் காட்டிச் சிரிக்கலாம். பிற்பாடு பழுதுபார்த்தபோது அடித்ததாகவும் இருக்கலாம், அதனால் ஓர் ஆணியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அறுக்காதீர்கள். எந்த அறையில் வைக்கப் போகிறீர்களோ அதே அறையில், அடுக்குக்கு நடுவே சிறு கட்டைகள் கொடுத்து, சில வாரம் கிடக்கட்டும். நூறு வயது மரமும் திறந்தவெளியில் கிடந்தால் ஈரம் குடித்திருக்கும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய மரத்தில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள் இருக்கும் மரம் பொதுவாகப் பத்து, பன்னிரண்டு சதவீதத்தில் வந்து நிற்கும். உத்திரம் தாங்க வேண்டிய பாரம் எவ்வளவு என்பதை மட்டும் என்னைப்போன்ற தச்சரிடம் கேட்காமல் பொறியாளரிடம் கேளுங்கள். பழைய துளைகளும் வெட்டுகளும் எந்த இடத்தில் விழுகின்றன என்பதை அவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: வாசல் நிலையின் அடிப்பகுதி மட்டும் ஒரு முழ உயரம் உளுத்திருக்கிறது. மேலே கல் மாதிரி இருக்கிறது. நிலையையே மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: கால்விரலில் புண் என்றால் ஆளையே மாற்றுவார்களா?

உளுத்ததைத் தாண்டி நல்ல மரம் வரும்வரை அறுத்து எடுத்துவிட்டு, அதே இன மரத்தில், முடிந்தால் இடிபாட்டில் கிடைத்த பழைய மரத்திலேயே, புதுக் கால் ஒட்டலாம். ஜப்பானியத் தச்சர்கள் இதை ஒரு தனிக் கலையாகவே வைத்திருக்கிறார்கள். உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்களில் ஒன்றான ஹோர்யூஜி இருக்கிற நாடு அது. உளுத்த தூணின் அடியை வெட்டிவிட்டுப் புதுக் கால் கோக்கும் இணைப்புக்கு அங்கே 'நெட்சுகி' என்று பெயர். வேர் ஒட்டு என்று சொல்லலாம். நமக்கு அவ்வளவு வித்தை வேண்டாம். இரண்டு மரமும் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகப் படுக்கிற ஒட்டு போதும். படுக்கிற நீளம் நிலைச்சட்டத்தின் கனத்தைப்போல மூன்று, நாலு மடங்கு இருக்க வேண்டும். சாய்வு, மழைத்தண்ணீர் வெளிப்பக்கம் வடிகிற திசையில் இருக்கட்டும். உள்பக்கம் சாய்த்தால் ஒட்டே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். ரேகை ஓடுகிற திசையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் ஒன்று பருக்கும்போது மற்றது பருக்காது.

புதுக் காலை நேராகத் தரையில் ஊன்றாதீர்கள். கீழே ஒரு கல் வையுங்கள். முன்பு உளுத்ததற்குக் காரணமே தரை ஈரம்தானே.

ஒட்டை மரமுளையால், அதாவது மர ஆணியால், இறுக்குவதையே நான் விரும்புவேன். இரும்புத் தகடும் போல்ட்டும் போட்டு முறுக்கினால் பலம் என்று தோன்றும். ஏதென்ஸ் நகரத்தின் பழைய கோயிலான பார்த்தினானில் நடந்ததைக் கேளுங்கள். பழைய கிரேக்கர்கள் சலவைக்கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்தபோது, இரும்பைச் சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் தலைமையில் பழுதுபார்த்தபோது இரும்பை அந்தக் காப்பு இல்லாமல் வைத்தார்கள். துரு பிடித்தால் இரும்பு பல மடங்கு பருக்கும். பருத்து, இரண்டாயிரம் வருடம் தாங்கிய கல்லைப் பிளந்தது. 1975-ல் இதற்கென்றே ஒரு குழு அமைத்து, பிற்பாடு அந்த இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தார்கள். சுவரில் நான் போட்ட சிமெண்ட் செய்ததும் இதே வேலைதான், அளவு மட்டும் சின்னது. ஒட்டுக்கும் அசலுக்கும் சண்டை வந்தால் தோற்கிறது ஒட்டாக இருக்கும்படிதான் நான் இப்போதெல்லாம் ஒட்டுப்போடுகிறேன்.

கேள்வி: கதவுகளில் ஏழெட்டு அடுக்குப் பெயிண்ட் இருக்கிறது. மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறான் மகன். வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள்.

பதில்: உங்கள் மகனிடமிருந்து அந்த மெஷினை இன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள், அம்மா.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீடுகளுக்கு ஈயப் பெயிண்டை அமெரிக்கா 1978-ல்தான் தடை செய்தது. பல நாடுகளில் அதற்கும் வெகு காலம் கழித்து. உலர்ந்த பெயிண்டைத் தேய்த்தால் கிளம்பும் தூள் வீடு முழுக்கப் படியும். தரையில் விளையாடிக் கையை வாயில் வைக்கிற வயது உங்கள் பேத்திக்கு. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், வந்த பாதிப்பைத் திருப்ப முடியாது.

முதலில் ஒரு சில்லைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். ஈயம் இருந்து, பெயிண்ட் உதிராமல் கெட்டியாகவும் இருந்தால், சுரண்டாமல் மேலேயே புதிதாக அடித்துவிடுவது ஒன்றும் அவமானமில்லை. எடுத்தே ஆகவேண்டுமென்றால் கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள். தீச்சுடர் கூடாது. சூடான காற்றுத் துப்பாக்கியை அமெரிக்க விதிகள் 1100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை, ஈயம் புகையாகக் கிளம்பும் என்பதால். சாதாரணத் துணி முகமூடி போதாது. சுரண்டியதை ஈரத்தோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை முடியும்வரை பேத்தி வேறு வீட்டில் இருக்கட்டும்.

இதே எச்சரிக்கை சாம்பல்நிற நெளிவுக் கூரைத் தகடுகளுக்கும், பழைய குழாய் உறைகளுக்கும் உண்டு. அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைக்காதீர்கள், துளைபோடாதீர்கள்.

கேள்வி: பெயிண்ட் இல்லாத உள்கதவுகளில் பழைய மெருகு மங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டுமா?

பதில்: என்ன மெருகு என்று பாருங்கள் முதலில். மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து வையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கு மெருகு. அதிர்ஷ்டம், அதன்மேலேயே புது அரக்கைத் தேய்த்தால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும், எதையும் எடுக்க வேண்டியதில்லை. ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்குமே மசியாவிட்டால் வார்னிஷ், அதற்குத்தான் உப்புத்தாள் வேலை.

கேள்வி: ஜன்னல் கண்ணாடிகளில் அலை அலையாகத் தெரிகிறது. கண்ணாடி திரவம் என்பதால் வருடக்கணக்கில் வழிந்து இப்படி ஆகிறதாமே?

பதில்: பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில்லை. ஒரு வீட்டின் ஆயுளில் கண்ணாடி வழியாது. உருளையாக ஊதி, பிளந்து, விரித்துத் தட்டையாக்கிய காலத்துக் கண்ணாடி அது. அலை பிறக்கும்போதே வந்தது. உருக்கிய தகரத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு மட்டமாக்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959-ல். அதற்குப் பிறகுதான் இப்போதைய தட்டைக் கண்ணாடி.

தயவுசெய்து அதை மாற்றாதீர்கள். இனி அது கிடைப்பது அருமை. எதிரே உள்ள மரம் அந்தக் கண்ணாடிக்குள் லேசாக ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு வீட்டில் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைக்கிற மக்கு உதிர்ந்திருந்தால் சுண்ணக்கட்டித் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து புது மக்கு வையுங்கள். வைக்குமுன் காய்ந்த மரத்துக்கு ஒரு கை எண்ணெய் தடவ மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மக்கில் இருக்கும் எண்ணெயை மரம் குடித்துவிடும், ஒரே வருடத்தில் உதிரும்.

கேள்வி: புதிதாகச் செய்த படிக்கட்டைப் பழசுபோலக் காட்ட, சங்கிலியால் அடித்துச் சாயம் பூசித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நன்றாக இருக்குமா?

பதில்: எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். 1964-ல் வெனிஸில் கூடிய பழங்கட்டடப் பாதுகாப்பு வல்லுநர்கள் எழுதிய சாசனம், புதிதாகச் சேர்த்தது மொத்தத்தோடு இசைந்தும் இருக்க வேண்டும், அசல் இல்லை என்று தெரியவும் வேண்டும் என்கிறது. நினைவுச்சின்னங்களுக்கு எழுதியது, வீட்டுக்கும் பொருந்தும் என்பது என் கட்சி. நான் போடும் ஒட்டுகளின் உள்முகத்தில் வருடத்தை உளியால் செதுக்கிவிடுவேன். ஐம்பது வருடம் கழித்துப் பிரிக்கிற தச்சர் குழம்பக் கூடாது. படிக்கட்டுக்குச் சாயம் பூசினால்கூடப் பரவாயில்லை. சங்கிலி அடி மட்டும் வேண்டாம், பாவம் அந்த மரம்.

கேள்வி: ஐயா, எனக்கு 22 வயது. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். முதலில் எந்த மெஷின் வாங்கலாம்?

பதில்: மெஷின் வேண்டாம் தம்பி. ஒரு தீட்டுக்கல், ஒன்றே ஒன்று நல்ல முக்கால் அங்குல உளி. முதல் மாதம் முழுக்கத் தீட்டு. மரத்தின் வெட்டுமுனையைச் சீவினால் கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டும். பொடியாக உதிர்ந்தால் மறுபடி கல்லுக்குப் போ. அப்புறம் இடிபாட்டில் கிடைக்கிற ஒரு பழைய கதவை வாங்கி, முளைகளைத் தட்டியெடுத்து முழுக்கப் பிரித்துப் பார். துளைக்குள் கழுந்து, அதாவது சட்டத்தின் செதுக்கிய முனை, எப்படி உட்கார்ந்திருக்கிறது, எங்கே இறுக்கம் கொடுத்து எங்கே இளக்கம் விட்டிருக்கிறார்கள், நடுப்பலகையை ஏன் பசை போடாமல் சும்மா நிற்கவிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள். பலகை ஊறிப் பருக்க இடம் வேண்டுமே. பார்த்த பிறகு திரும்பக் கோத்துவிடு. நான் முதலில் கோத்த கதவு மூன்று நாள் எடுத்தது, கடைசியில் ஒரு முளை மிஞ்சியது. எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

ஒரு விஷயம், இதைச் சுவரில் எழுதி ஒட்டிவை. ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருட்டின துணிக்குள் சூடு வெளியேற வழியின்றி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஒரு மாலை, பட்டறையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவன் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். மரத்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த துணிப்பந்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து, தேய்த்த துணியை ஒவ்வொன்றாகக் கல்தரையில் விரித்துக் காயவைத்த பிறகுதான் பூட்டைத் தொடுகிறேன்.